டவுன் பஸ்ஸில் மதுரை: ஐந்து நாள், நான்கு திசை

முதல் நாள், புதன்: பெரியாரில் நின்று பழகுவது

கொழும்பிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் நேராக மதுரைக்கு விமானம் வருகிறது. அதில் வந்து இறங்குகிற தமிழர்களுக்குப் பேச்சில் சிரமம் இல்லை. ஆனால் பெரியார் பஸ் ஸ்டாண்டில் கால் வைத்ததும் திகைத்துப் போகிறார்கள். அவர்கள் ஊரில் நம்பரைப் பார்த்து ஏறினால் போதும். இங்கே அதே நம்பருக்குப் பின்னால் ஏ, பி, சி என்று எழுத்து ஒட்டியிருக்கும். எழுத்து மாறினால் வண்டி பாதியில் வேறு பக்கம் திரும்பிவிடும். அதனால் நம்பரை இரண்டாவதாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது திசை. எந்தப் பக்கம் போக எந்த பஸ் ஸ்டாண்டு என்பது பிடிபட்டுவிட்டால் மதுரையில் யாரும் தொலைந்து போக முடியாது.

மூன்று பெயர்களை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பெரியார் ஊரின் நடுவில், ரயில்வே ஜங்ஷனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. டவுன் பஸ்களுக்கு அதுதான் தாய்வீடு. பழையதை இடித்துக் கட்டிய புதுக் கட்டடம் 2021 கடைசியில் திறக்கப்பட்டது. மாட்டுத்தாவணி வைகைக்கு வடகிழக்கே, பெரியாரிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர். சென்னை, திருச்சி, தஞ்சாவூர், ராமேஸ்வரம், தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கமெல்லாம் அங்கிருந்துதான் போக வேண்டும். ஆரப்பாளையம் மேற்கும் வடமேற்கும் பார்த்தது: தேனி, குமுளி, திண்டுக்கல், பழனி, கொடைக்கானல், கோயம்புத்தூர். ராமேஸ்வரம் போக வேண்டியவர் பெட்டியோடு ஆரப்பாளையத்தில் நிற்பதை அடிக்கடி பார்க்கலாம். அங்கிருந்து மாட்டுத்தாவணி போய்ச் சேர்வதற்கே முக்கால் மணி நேரம் போய்விடும்.

இனி டிக்கெட். ஒரே சாலையில் ஒரே ஊருக்குப் போகும் இரண்டு வண்டிகளுக்கு இரண்டு கட்டணம் இருக்கும். சாதாரணக் கட்டண வண்டியில் குறைந்தபட்சம் 5 ரூபாய். எக்ஸ்பிரஸ், டீலக்ஸ் என்று எழுதியிருந்தால் அதைவிடக் கூடுதல். முகப்பில் இளஞ்சிவப்பு அடித்த சாதாரண டவுன் பஸ்களில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அடையாள அட்டை எதுவும் கேட்பதில்லை. ஆனால் கட்டணமில்லாச் சீட்டு ஒன்று கொடுப்பார்கள், அதைக் கட்டாயம் வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். செக்கிங் (டிக்கெட் பரிசோதகர்) ஏறினால் அதைத்தான் கேட்பார். தனியார் மினி பஸ்ஸில் இந்தச் சலுகை இல்லை, எல்லோரும் காசு கொடுக்க வேண்டும்.

கட்டணத்தை ஸ்டேஜ், அதாவது கட்டணம் மாறுகிற நிறுத்தம், வைத்துப் போடுகிறார்கள். இரண்டு ஸ்டேஜுக்கு நடுவில் இருக்கும் ஸ்டாப்பிங்கில் இறங்கினாலும் அடுத்த ஸ்டேஜ் வரைக்கும் காசு உண்டு. அதனால் "கொஞ்ச தூரம்தானே" என்று கண்டக்டரிடம் வாதாடுவதில் பயனில்லை. ஐந்து, பத்து ரூபாய்ச் சில்லறையை முதல் நாளே நிறைய மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் கண்டக்டர் டிக்கெட்டின் பின்பக்கம் பாக்கித் தொகையை எழுதிக் கொடுத்து "இறங்கும்போது வாங்கிக்கங்க" என்பார். புது ஊரில் இறங்குகிற அவசரத்தில் அது மறந்தே போகும். கைபேசியில் காசு செலுத்திக்கொள்ளலாம் என்று நம்பியும் ஏறாதீர்கள். வெளிநாட்டு எண்ணோடு வந்தவர்களுக்கு அது பெரும்பாலும் அமையாது.

ஏறும் முன் கேட்கிற கேள்வியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "இது தெப்பக்குளம் வண்டியா?" என்று கேட்டால், கடைசி ஸ்டாப் அதுவல்ல என்பதால் "இல்லை" என்று பதில் வரக்கூடும். "அண்ணே, தெப்பக்குளத்துல நிக்குமா?" என்று கேளுங்கள். போகுமா என்பதும் நிற்குமா என்பதும் வேறு வேறு. இறங்கும்போது இலங்கையில் "இறக்கம்" என்று குரல் கொடுப்பது போல இங்கே "இறங்கணும்ணே" என்றால் போதும். அங்கே ஹோல்ட் என்பது இங்கே ஸ்டாப்பிங். ஒரு விசில் என்றால் வண்டி நிற்கும், இரண்டு விசில் என்றால் கிளம்பிவிடும். இரண்டாவது விசிலுக்கு முன் இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும். வண்டி எப்போதும் நிழற்குடைக்கு நேராகவே நிற்கும் என்று எண்ண வேண்டாம். கூட்டத்தைப் பார்த்து ஓட்டுநர் இருபது அடி முன்னேயோ பின்னேயோ நிறுத்துவார். உள்ளூர்க்காரர்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கேயே போய் நில்லுங்கள்.

மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் பெரியாரிலிருந்து பஸ் தேட வேண்டாம். மேல வெளி வீதியைக் கடந்து டவுன் ஹால் ரோட்டிலோ நேதாஜி சாலையிலோ கிழக்கே நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடம். அந்த நடையிலேயே ஊரின் அமைப்பு புரிந்துவிடும். கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாகப் போகும். ஒவ்வொன்றிலும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என்று நான்கு. வழி கேட்கும்போது "மாசி வீதி எங்கே?" என்றால் பதில் சொல்ல முடியாது. கீழ மாசியா, மேல மாசியா, தெற்கு மாசியா, வடக்கு மாசியா என்று திருப்பிக் கேட்பார்கள். கீழ என்றால் கிழக்கு, மேல என்றால் மேற்கு. இதைப் பள்ளம் மேடு என்று எடுத்துக்கொண்டு திண்டாடுகிறவர்கள் உண்டு.

வெளி வீதி இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க வைத்தார். அந்த வேலையை மேற்பார்த்த மாரட், பெருமாள் இருவரின் பெயர்தான் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று நிலைத்திருக்கிறது. கோட்டை போனாலும் வாசல்களின் பெயர் போகவில்லை. கண்டக்டர் "தெற்குவாசல், கீழவாசல்" என்று கூவும்போது இறங்கி வாசலைத் தேடினால் கிடைக்காது, அவை இன்று வெறும் ஸ்டாப்பிங். பஸ் இந்த வெளி வளையத்தோடு நின்றுவிடும், உள் சதுரங்களில் நடைதான். பல இடங்களில் ஒருவழிப் பாதை. எனவே இறங்கிய இடத்துக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றால் திரும்பும் வண்டி வரும் என்ற கணக்கு இங்கே தப்பும். இறங்கும்போதே "திரும்பப் பெரியார் போக எங்கண்ணே நிக்கணும்?" என்று கேட்டுவிடுங்கள்.

கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. 2018 பிப்ரவரியில் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு வந்த கட்டுப்பாடு அது. வாசலில் கட்டணம் கட்டி ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். எந்தக் கோபுர வாசலில் ஒப்படைத்தீர்களோ அதே வாசலுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். உள்ளே நான்கு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும், அதனால் நுழைந்த திசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடை பகல் பன்னிரண்டரை வாக்கில் சாத்தி மாலை நான்கு மணிக்குத் திறக்கும்.

மாலையில் ஊரை ஒரு முறை குறுக்கே பார்க்க, பெரியாரில் 75 ஏறி மாட்டுத்தாவணி வரைக்கும் சும்மா போய் வாருங்கள். ஜன்னல் ஓரம் கிடைத்தால் நல்லது. வைகையைத் தாண்டி, கோரிப்பாளையம், தல்லாகுளம், தமுக்கம் என்று போகும். ஆற்றுக்குத் தெற்கே கோயிலும் கடைவீதியும், வடக்கே கலெக்டர் ஆபீசும் கல்லூரிகளும் மைதானமும் என்று மதுரை இரண்டாகப் பிரிந்திருப்பது அந்த ஒரே பயணத்தில் விளங்கும். கோரிப்பாளையம் சந்திப்பில் வண்டி நின்று நின்றுதான் நகரும். பெரியாரிலிருந்து மாட்டுத்தாவணிக்கு அரை மணி என்று கணக்குப் போடுங்கள், சாயங்காலமானால் அதில் இன்னொரு கால் மணி சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி ரயிலையோ வெளியூர் பஸ்ஸையோ பிடிக்கிறவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இந்தக் கால் மணியில்தான்.

இரண்டாம் நாள், வியாழன்: வடக்கே, 44

இன்றைக்கு ஒரே சாலை. காலையில் கடைசி வரைக்கும் போய்விட்டு, திரும்பும் வழியில் நடுவில் இறங்குகிறோம். அழகர்கோவில் மதுரைக்கு வடக்கே 21 கிலோமீட்டர். பெரியாரில் 44 ஏறினால் மாறாமல் போய்ச் சேரலாம். தங்குமிடம் ஆற்றுக்கு வடக்கே என்றால் பெரியாருக்கு வரத் தேவையில்லை, தல்லாகுளத்திலோ புதூரிலோ மறித்து ஏறிக்கொள்ளலாம். ஆனால் அங்கே உட்கார இடம் கிடைக்காது. நின்றுகொண்டு ஒரு மணி நேரம் போக முடியாதவர்கள் பெரியாருக்கு வந்து ஏறுவதே மேல்.

ஏழு மணிக்கு முன் கிளம்பிவிடுங்கள். எட்டு மணிக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறத் தொடங்கினால் ஒன்பதரை வரைக்கும் வண்டி பிதுங்கும். சாயங்காலம் நான்கிலிருந்து ஐந்தரை வரைக்கும் அதே கதை. புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன் திருப்பதி என்று ஸ்டாப்பிங் போகும். அப்பன் திருப்பதி தாண்டியதும் மலை கிட்டே வந்துவிடும், காற்று மாறுவது தெரியும்.

கீழே கள்ளழகர் கோயில். காவலாகப் பதினெட்டாம்படிக் கருப்பு. அங்கே உருவம் இல்லை, சந்தனம் பூசிய பெரிய கதவுக்குத்தான் பூஜை. மேலே மலைப்பாதையில் பழமுதிர்சோலை முருகன், அதற்கும் மேலே ராக்காயி அம்மனும் நூபுர கங்கையும். வெயில் ஏறும் முன் மேலே போய்விட்டு, இறங்கி வந்து அழகரைப் பார்ப்பதுதான் சரியான வரிசை. தலைகீழாகச் செய்தால் மலையிலிருந்து இறங்குவதற்குள் கீழே நடை சாத்திவிடுவார்கள், மாலை வரைக்கும் காத்திருக்க நேரும். மலைக்கு டவுன் பஸ் ஏறாது. கோயில் சார்பில் வண்டி விடுகிறார்கள். ஆள் நிறைந்தால்தான் எடுப்பார்கள், அதனால் கூட்டமில்லாத நாளில் அரை மணி கூட உட்கார நேரலாம். நடக்கிறவர்கள் நிழலோடு நடக்கலாம், ஆனால் குரங்குத் தொல்லை உண்டு. பிளாஸ்டிக் பை வெளியே தெரிந்தாலே பிடுங்கும். தின்பண்டம், பூ, தேங்காய் எல்லாவற்றையும் துணிப்பைக்குள் வைத்து வாயைக் கட்டிவிடுங்கள்.

நூபுர கங்கைத் தண்ணீரில்தான் கீழே மூலவருக்குத் திருமஞ்சனம். பாட்டில் கொண்டுவந்து பிடித்துப் போகிறவர்கள் நிறைய. இறங்கி வந்ததும் பிரசாதக் கடையில் அழகர்கோவில் தோசை கேளுங்கள். வீட்டுத் தோசையை எதிர்பார்க்கக் கூடாது. அரிசியும் உளுந்தும் அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து நெய்யில் வேகவைத்தது. கைவிரல் கனத்துக்கு இருக்கும், ஓரம் மொறுமொறுப்பாக, நடுவில் கெட்டியாக. ஒன்றைப் பிட்டால் இரண்டு பேருக்குக் காலைப் பசி ஆறும். சீக்கிரம் கெடாது என்பதால் ஊருக்கும் எடுத்துப் போகிறார்கள்.

ஆடி அமாவாசை, பௌர்ணமி நாட்களில் இந்த வழியில் கூட்டம் தாங்காது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்க மதுரைக்கு வரும்போதும் திரும்பும்போதும் இதே சாலைதான் அவருக்கும் பாதை. அந்த நாட்களில் பஸ்ஸை வேறு வழியில் திருப்பிவிடுவார்கள், கோரிப்பாளையம் பக்கமே வண்டி வராது. திருவிழா பார்க்க வருகிறவர்கள் பஸ்ஸை நம்பித் திட்டம் போடாமல் தல்லாகுளத்துக்கு நடந்து போகும் தூரத்தில் தங்குவது நல்லது.

திரும்பும் 44-ல் தமுக்கத்துக்கு டிக்கெட் எடுங்கள். காந்தி நினைவு அருங்காட்சியகம் அங்கிருந்து பத்து நிமிட நடை. ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனையில் 1959 ஏப்ரலில் நேரு திறந்துவைத்தது. சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி இங்கே இருக்கிறது. அதற்கு முன்னால் நின்ற பிறகு நாளை மேல மாசி வீதியில் நடந்து பாருங்கள். 1921 செப்டம்பரில் அந்த வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோதுதான் அவர் மேல்சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறினார். அருங்காட்சியகம் மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரைக்கும் மூடும், வெள்ளிக்கிழமை விடுமுறை. இதை வியாழனில் வைத்ததற்கு அதுதான் காரணம்.

படிக்கிற பிள்ளைகள் கூட வந்தால் புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்தச் சாலையில் 7 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மேம்பாலம் இருக்கிறது. வண்டி பாலத்தில் ஏறுமா, கீழே போகுமா என்று கேட்காமல் ஏறக் கூடாது.

மூன்றாம் நாள், வெள்ளி: மேற்கே, சமணர் மலை

வெள்ளிக்கிழமை கோயில்களில் நெரிசல். ஆகவே இன்று கல்லைப் பார்க்கப் போகலாம். கீழக்குயில்குடி சமணர் மலை தேனி ரோட்டில், நாகமலை புதுக்கோட்டையிலிருந்து உள்ளே திரும்பிச் சுமார் 3 கிலோமீட்டர். கீழக்குயில்குடிக்கே நேராகப் போகும் டவுன் பஸ் பெரியாரில் உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் நெடுநேரம் நிற்க வேண்டும். அதற்குக் காத்திராமல் செக்கானூரணி, பல்கலை நகர் என்று எழுதியிருக்கும் எந்த வண்டியிலும் ஏறி நாகமலை புதுக்கோட்டையில் இறங்கி அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம்.

இன்னும் நல்ல யோசனை, காளவாசலில் நிற்பது. பெரியாரிலிருந்து வருகிற டவுன் பஸ்ஸும், ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டி, தேனி போகிற ரூட் பஸ்ஸும் அங்கே ஒரே சாலையில் சேர்கின்றன. எது முதலில் வருகிறதோ அதில் ஏறலாம். ரூட் பஸ் என்றால் நாகமலை புதுக்கோட்டையில் நிற்குமா என்று கட்டாயம் கேளுங்கள். விராட்டிபத்து, அச்சம்பத்து தாண்டினால் இறங்கத் தயாராக வேண்டியதுதான்.

மலையடிவாரத்தில் அய்யனார் கோயில், ஆலமரங்கள், தாமரைக் குளம். கிராமத்துப் பெரியவர்கள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். செட்டிப்பொடவுக்கு வழி எது, பேச்சிப்பள்ளத்துக்கு வழி எது என்று அவர்களிடம் கேட்டுத் தெளிந்துகொண்டு ஏறுங்கள், இரண்டும் வேறு வேறு பக்கம். முதலில் பேச்சிப்பள்ளம். பாறையில் வெட்டிய படியும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்கின்றன. மேலே ஒரு சுனை, அதை ஒட்டிய பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் (சமண சமயக் குரு) முதலிய சமண உருவங்கள். தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருந்தால் பார்சுவநாதர், கால்களில் கொடி சுற்றியிருந்தால் பாகுபலி. உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டு. யார் செய்வித்த திருமேனி என்று சொல்கிற வரிகள் அவை. இன்னும் மேலே போனால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. பராந்தக வீரநாராயண பாண்டியன் காலம், அதாவது 9-ம் நூற்றாண்டு.

செட்டிப்பொடவு மலையின் தென்மேற்குப் பக்கம். பொடவு என்றால் குகை. வெளியே பெரிதாக உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரரை ஊர்க்காரர்கள் செட்டியார் என்று கும்பிட்டு வந்ததால் அந்தப் பெயர். குகைக்குள் குனிந்து போய், கண் இருட்டுக்குப் பழகும் வரைக்கும் ஒரு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். பிறகு வளைந்த கூரையை அண்ணாந்து பார்த்தால் ஒரு ஓரத்தில் சிங்கத்தின் மேல் ஏறிய பெண், வில்லைப் பிடித்தபடி, யானை மேல் வருகிற எதிரியைத் தாக்குகிறாள். ஒரு முழம்கூட இருக்காது. சிங்கம் பாய்கிற வேகத்தில் யானை பின்வாங்குவது கல்லில் தெரிகிறது. மதுரையில் ஒரே ஒரு சிற்பத்தைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் இங்கேதான் அனுப்ப வேண்டும். கையால் தொடாதீர்கள், சுண்ணாம்பு தடவாதீர்கள், பெயர் எழுதாதீர்கள். ஆயிரம் வருஷம் தாண்டி வந்தது நம் நகத்தில் சிதையக் கூடாது.

ஏழரைக்குள் அடிவாரத்தில் இருக்க வேண்டும். பத்தரைக்கு மேல் பாறை கொதிக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும், மேலே கடை கிடையாது. மழை பெய்த மறுநாள் படி வழுக்கும்.

திரும்புவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். காரணம் இரண்டு. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வாக்கில் டிப்போவில் ஓட்டுநர், கண்டக்டர் டூட்டி மாறும். அந்த நேரத்தில் கிராமத்து வண்டிகளுக்கு நீண்ட இடைவெளி விழும். இரண்டாவது, நைட் ஹால்ட். பல கிராமங்களுக்கு ராத்திரி போகிற கடைசி வண்டி அன்று திரும்பாது. ஓட்டுநரும் கண்டக்டரும் அங்கேயே படுத்து, விடிகாலையில் பால்காரர்களையும் பூக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு முதல் வண்டியாக டவுனுக்கு வருவார்கள். ஊருக்கு அது பெரிய வசதி. புதிதாக வந்தவருக்கு ஆபத்து. "கடைசி வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் ஊருக்குள் வருகிற நேரத்தைச் சொல்லிவிடுவார்கள். "இங்கேருந்து மதுரைக்குத் திரும்புற கடைசி வண்டி எப்போ?" என்று கேளுங்கள். இது சமணர் மலைக்கு மட்டுமல்ல, மதுரையைச் சுற்றி எந்தக் கிராமத்துக்குப் போனாலும் பொருந்தும்.

நான்காம் நாள், சனி: கிழக்கே, கீழடியும் தெப்பக்குளமும்

அகழாய்வில் பழங்கால ஊர் வெளிப்பட்ட கீழடி இருப்பது சிவகங்கை மாவட்டம். ஆனாலும் மதுரையிலிருந்து 13 கிலோமீட்டருக்குள். காமராஜர் சாலை, தெப்பக்குளம், விரகனூர், சிலைமான் என்று போகிற வழி. கீழடி என்று போர்டு போட்ட டவுன் பஸ் கிடைத்தால் சிக்கலே இல்லை. கிடைக்காவிட்டால் சிலைமான் வரைக்கும் ஒரு வண்டி, பிறகு ஆட்டோ. மாட்டுத்தாவணியில் மானாமதுரை, ராமேஸ்வரம் வண்டியைப் பார்த்ததும் "அதே ரோடுதானே" என்று ஏறிவிடாதீர்கள். நீண்டதூர வண்டி எல்லா ஸ்டாப்பிலும் நிற்காது. கேட்டுக்கொண்டு ஏறினால்தான் சிலைமானில் இறங்க முடியும்.

அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் முற்றம், தூண், ஓட்டுக்கூரை என்று கட்டியிருக்கிறார்கள். தோண்டிய குழிகள் இருப்பது வேறு இடம், பள்ளிச்சந்தைத் திடல். இரண்டும் ஒன்று என்று எண்ணி அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

உள்ளே எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் பார்க்க வேண்டாம். பானை ஓடுகளில் கீறிய பெயர்களிடம் நில்லுங்கள். ஆதன், குவிரன் என்று தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் யாரோ தன் பானையில் தன் பெயரைக் கீறியிருக்கிறார்கள். பானை சுடுவதற்கு முன் கீறினால் கோடு வழுவழுப்பாக விழும், சுட்ட பிறகு கீறினால் ஓரம் உடைந்து சொரசொரப்பாக இருக்கும். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் எழுதியது குயவரா, பானையை வாங்கியவரா என்று நீங்களே ஊகிக்கலாம். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரியின் காலம் கி.மு. 580 என்று கணித்து 2019-ல் அறிக்கை வந்தது. உறைகிணறு, செங்கல் கட்டுமானம், தந்தத்தில் செய்த பகடைக்காய் எல்லாம் இருக்கின்றன. வீடு, தண்ணீர், விளையாட்டு என்று அன்றாட வாழ்க்கை அங்கே கிடக்கிறது.

சாயங்காலம் அதே வழியில் திரும்பும்போது தெப்பக்குளத்தில் இறங்குங்கள். திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டியது. மீனாட்சி அம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் இங்கே மண் எடுக்கும்போது கிடைத்தவர் என்பார்கள். வைகையிலிருந்து பனையூர்க் கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. தைப்பூசத்தன்று தெப்பத் திருவிழா, அன்று இந்தப் பக்கம் பஸ் திருப்பிவிடப்படும். மற்ற நாளில் படிக்கட்டில் உட்கார்ந்து நடு மண்டபத்தைப் பார்த்துக்கொண்டே பொழுது போவதே தெரியாது. பெரியார் போக வண்டிக்குக் குறைவில்லை. கீழவாசலில் இறங்கினால் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்துவிட்டு நடந்தே போகலாம். பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். வெயிலில் அலைந்த வயிற்றுக்கு இதமாக இருக்கும்.

ஐந்தாம் நாள், ஞாயிறு: தெற்கே, பிறகு கிளம்புவது

திருப்பரங்குன்றத்துக்குப் பெரியாரிலிருந்து வண்டி வந்துகொண்டே இருக்கும். திருநகர், ஹார்விபட்டி, திருமங்கலம் என்று போட்ட டவுன் பஸ்களும் அந்த வழிதான். கிரைம் பிராஞ்ச், பழங்காநத்தம், பைக்காரா, பசுமலை, மூலக்கரை என்று ஸ்டாப்பிங் வரும். இடையில் இறங்கிவிடாமல் இருக்க மலையைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். மூலவர் மலையைக் குடைந்த குகைக்குள் இருக்கிறார். அதனால் கருவறையைச் சுற்ற வழி கிடையாது, அபிஷேகமும் வேலுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நாளாக அமைந்துவிட்டால் கல்யாணக் கூட்டத்தில் சன்னிதித் தெருவே நிறைந்துவிடும். ஏழு மணிக்குள் போய் ஒன்பதுக்குள் திரும்பிவிடுங்கள். மலைக்குப் பின்பக்கம் தென்பரங்குன்றத்தில் உமையாண்டார் குடைவரை இருக்கிறது. கூட்டம் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை, முன்பு சமணர்களுக்குரியதாக இருந்து சிவன் கோயிலாக மாறியது.

விமான நிலையத்துக்கு பஸ்ஸில் போகலாமா என்று கேட்டால், கையில் ஒரு பெட்டி என்றால் போகலாம், இரண்டு என்றால் ஆட்டோதான். வில்லாபுரம், அவனியாபுரம் தாண்டிப் பெருங்குடி, அதற்கடுத்து விமான நிலையம். ஏறும்போதே ஏர்போர்ட் வாசல் வரைக்கும் போகிறதா, பெருங்குடியோடு நின்றுவிடுமா என்று கேட்டுவிடுங்கள். பெரிய பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் போடுவார்கள், கேட்டால் கொடுத்துவிடுங்கள். பெட்டியைப் படிக்கட்டுப் பக்கம் வைக்காமல், முன்பக்கம் ஏறி, கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, உங்கள் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். காலை வண்டி என்றால் முதல் நாள் ராத்திரியே பெரியாரில் நேரம் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அவனியாபுரத்தில் ரோடு குறுகல். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு அங்கே இருக்க வேண்டும் என்றால் நான்கரை மணி நேரம் முன்பே பெரியாரில் ஏறிவிடுங்கள்.